அம்மா கட்டிய மாவுக்கட்டு

பிளாஸ்டர் மாவைத் தண்ணீரில் தூவினால் முதலில் அது மிதக்கும், பிறகு சத்தமில்லாமல் அமிழும், அடியிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் மேலேறி வரும், அப்போது புதிதாக வெள்ளையடித்த சுவரில் சாரல் பட்டதுபோல ஒரு மணம் எழும்பும். பந்தலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நாங்கள் குடியிருந்த லயத்து வரிசைவீட்டின் முன்னறை முழுக்க அந்த மணம் நிறைந்திருந்த ஒரு கோடை விடுமுறையைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். எனக்கு அப்போது பத்து வயது. நாடகத்தில் நடிக்கவிருந்த அப்பாவின் முறியாத கையில் அம்மா ஒரு மாவுக்கட்டுப் போட்டாள்.

எங்கள் லயத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் சிலோனிலிருந்து வந்த குடும்பங்கள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடும் மைதானத்தை இங்கே வந்து இத்தனை காலமாகியும் அவர்கள் 'பெரட்டுக்களம்' என்றே சொன்னார்கள். வைகாசியில் மாரியம்மன் திருவிழா வந்தால் அந்தக் களத்தில் ஒரு நாடகம் போட்டாக வேண்டும் என்பதும் அவர்கள் கூடவே கொண்டுவந்த வழக்கம்தான். முன்பெல்லாம் விடிய விடிய நடக்குமாம். யானைகள் லயத்தை ஒட்டி இறங்கத் தொடங்கிய பிறகு நாடகம் மத்தியானத்துக்கு மாறிவிட்டது, இருட்டும் முன்னே எல்லாரும் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திவிட வேண்டும். பெரிய பெண்கள் மேடையேறுவதில்லை. அப்பா மெலிந்த உடம்பும் மழித்த முகமும் தணிந்த குரலும் உடையவர் என்பதால் பெண்வேடம் எப்போதும் அவருக்கே வரும். அந்த வருடம் அவருக்கு மகளாக நடிக்க என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்த நாடகத்துக்கு முந்தின வருடம் நடந்ததைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். அப்பா அப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலையாயிருந்தார். ஆடி மழையில், கொழுந்து மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு எடைபோடும் கொட்டகைக்கு இறங்கும்போது அம்மா வழுக்கி விழுந்தாள். வலது முன்கையில் இரண்டு எலும்பும் முறிந்துவிட்டன. கூடலூருக்கு ஜீப்பில் கொண்டுபோய், முழங்கைக்கு மேலேயிருந்து விரல் கணுக்கள் வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். மறுநாள் மழையிலேயே, கட்டு நனையாமல் உரப்பையைச் சுற்றிக்கொண்டு, என்னையும் அழைத்துக்கொண்டு அம்மா பஜாரில் இருந்த டெலிபோன் பூத்துக்குப் போனாள். இடது கையால் அவளுக்கு எண்களை அழுத்த வரவில்லை. நான்தான் அழுத்திக் கொடுத்தேன். பக்கத்தில் நின்ற எனக்கும் அப்பாவின் குரல் கேட்டது.

"மாவுக்கட்டுத்தானே புள்ள, ஒரு மாசத்துல பிரிச்சிருவாங்க. இங்க லீவு கேட்டா வேற ஆளப் போட்டுருவானுங்க."

"சரிங்க" என்று சொல்லி அம்மா போனை வைத்தாள். திரும்பி வரும் வழியெல்லாம் நான்தான் எதையோ சொல்லிக்கொண்டே வந்தேன்.

தீபாவளிக்கு அப்பா வந்தபோது கட்டுப் பிரித்து நாளாகியிருந்தது. அம்மா எப்போதும்போலச் சோறு போட்டாள், துணி துவைத்துக் கொடுத்தாள். அவள் மணிக்கட்டு முன்போல முழுக்கத் திரும்பாது என்பதையும், கொழுந்து பறிக்க இரண்டு கையும் சமமாக ஓடாததால் அவளைக் களை எடுக்க மாற்றிவிட்டார்கள் என்பதையும் அப்பா அக்கம்பக்கத்தார் சொல்லித்தான் தெரிந்துகொண்டார். பங்குனியில் கம்பெனியில் வேலை குறைந்துபோய் அவர் ஊரோடு வந்து, தோட்டத்து ஃபேக்டரியில் தற்காலிகமாகச் சேர்ந்தார். வீட்டில் சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போட்டிருந்தால் நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். "சோறு இருக்கு", "தண்ணி காஞ்சிருச்சு", "அரிசி வாங்கணும்" என்பதற்கு மேல் அம்மாவிடமிருந்து அவருக்குப் பேச்சே வரவில்லை. சாப்பிட்ட தட்டை வைத்துக்கொண்டு அப்பா இன்னும் ஏதோ வரும் என்பதுபோல உட்கார்ந்திருப்பார். பிறகு எழுந்து கை கழுவப் போவார்.

நாடகத்தை எழுதியவர் சந்தானம் மாமா. தையல்காரர், பஜாரில் ஒரு மிஷின் வைத்திருந்தார். அந்த வருடம் அவர் எழுதியது கையொடிந்த ஒரு கொழுந்துக்காரியின் கதை. யாரை நினைத்து எழுதினார் என்று யாரும் கேட்கவில்லை. அந்த மழைக்காலத்தில் சறுக்கி விழாத பெண் எங்கள் லயத்தில் குறைவு. கதையில் வெளியூர் போயிருந்த புருசன் சேதி கேட்டதும் ஓடி வருவான், தண்ணீர் சுமப்பான், சோறாக்கத் தெரியாமல் அடுப்பை அணைப்பான், சனங்கள் சிரிப்பார்கள். கடைசியில் டாக்டர் கட்டைப் பிரிக்க, அவள் இரண்டு கையையும் தூக்கி மாரியம்மனைக் கும்பிடுவாள், மேளம் அடிக்கும், படுதா விழும்.

கட்டுக்குத்தான் வழி தெரியவில்லை. முதல் காட்சியில் கை நன்றாக இருக்க வேண்டும், நடுவில் கட்டு இருக்க வேண்டும், கடைசியில் எல்லார் முன்னாலும் கழற்ற வேண்டும். அதுவுமின்றி அப்பா தினமும் ஃபேக்டரிக்குப் போகிறவர், நிஜக் கட்டாகப் போட்டுக்கொண்டே இருக்க முடியாது. அட்டையைச் சுருட்டி அதன்மேல் வெள்ளைத் துணியைச் சுற்றி மாமா ஒன்று செய்து கொண்டுவந்தார். எங்கள் வீட்டு முன்னறையில் அதைப் போட்டுக்கொண்டு அப்பா ஒத்திகை பார்த்தபோது வாசலில் நின்ற பிள்ளைகள் "வாழத்தண்டுக்குத் தலப்பா கட்டியிருக்கு" என்று கத்தி ஓடினார்கள். அப்பா அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

உள்ளேயிருந்து வந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "மாவுக்கட்டுப் போட்ட கை இப்பிடி ஆடாதுங்க."

சோறும் தண்ணீரும் அரிசியும் இல்லாத ஒரு வாக்கியம் அவளிடமிருந்து அவருக்கு வந்து மாதங்கள் ஆகியிருந்தன. அப்பா நிமிர்ந்து பார்த்தார். "அப்ப எப்பிடிப் புள்ள இருக்கும்?"

மாமா அட்டையை எடுத்துக்கொண்டு, "நீதாம்மா சொல்லணும், எங்களுக்கு என்னா தெரியும்" என்றார். அம்மா அடுப்படிக்குத் திரும்பிப் போய்க்கொண்டே, "மாவு வாங்கிட்டு வரச் சொல்லுங்க, கட்டுறேன்" என்றாள்.

கூடலூரில் ஹார்ட்வேர் கடையில் பிளாஸ்டர் மாவும் மருந்துக்கடையில் பேண்டேஜ் துணியும் பஞ்சும் வாங்கி வந்தார் அப்பா. ஞாயிற்றுக்கிழமை, மழை விட்டிருந்த நேரமாகப் பார்த்து, அம்மா அவரை முன்னறையில் முக்காலியில் உட்கார வைத்தாள். முதலில் கை முழுக்கத் தேங்காயெண்ணெய், அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள், அதன்மேல் பழைய பனியன் துணி, அதன்மேல் பஞ்சு. நான் நீளநீளமாகத் துணியை வெட்டிக் கொடுக்க, அவள் மாவுக்கரைசலில் நனைத்து, இரண்டு விரலால் வழித்துவிட்டு, மணிக்கட்டிலிருந்து சுற்றத் தொடங்கினாள். "மடக்குங்க. இன்னுங் கொஞ்சம். நெஞ்சோட ஒட்டி வைங்க. கட்டவெரல வெளிய விடுங்க." கூடலூரில் அவளுக்குக் கட்டியபோது அவள் வேறு பக்கம் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

சுற்றி முடித்துச் சற்று நேரத்தில் அப்பா துள்ளினார். "என்னா புள்ள, சுடுது!"

"சுடும். அசையாதீங்க. கொஞ்ச நேரத்துல ஆறிப்போகும்."

"ஒனக்குஞ் சுட்டுச்சா?"

"சுட்டுச்சு. உள்ளுக்குள்ள கை வேகுதுன்னு நெனச்சேன். கத்தலாமா கூடாதான்னு தெரியல."

"யாருகிட்டயும் கேக்கலயா?"

"யாரு இருந்தா, கேக்க?"

அம்மா அதைக் கோபமாகச் சொல்லவில்லை. ஈரத்துணியின் ஓரத்தைப் பெருவிரலால் நீவிக்கொண்டே சொன்னாள். அப்பா அதற்குப் பிறகு அசையவே இல்லை. சூடு ஆறிய பிறகும் அப்படியே தன் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முழுக்க இறுகும் முன்னே உள்பக்கமும் வெளிப்பக்கமும் பிளேடால் கீறி, வெடித்த பயற்றங்காய்போல இரண்டு ஓடாகப் பிரித்து எடுத்தோம். அது உதவவில்லை. எங்கள் பக்கத்தில் வைகாசியிலேயே மழை முந்திக்கொண்டால் துவைத்த சட்டை காயவே நாள்கணக்காகும், மாவு எங்கே காயும்? காலையில் பார்த்தபோது அது தேநீரில் ஊறிய ரொட்டிபோலத் துவண்டு கிடந்தது. அம்மா சலித்துக்கொள்ளாமல் மறுபடி அவரை உட்கார வைத்து, இன்னும் கெட்டியாக இன்னொன்று கட்டினாள். இந்தமுறை பிரித்த ஓடுகளை விறகு காயவைக்கும் அடுப்புப் பரணில் ஏற்றினாள். அங்கே அது கல்லாக இறுகியது. கூடவே புகையேறிப் பழுப்பாகிவிட்டது.

"சுண்ணாம்பு அடிச்சிரலாமா?" என்று கேட்டார் அப்பா.

"வெள்ளையா இருக்கறது மொத நாளு மட்டுந்தாங்க."

அதற்குப் பிறகு அம்மா செய்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். விரல் வெளியே வரும் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பிசிறாக்கினாள். அங்கே மஞ்சள் தேய்த்தாள். தேயிலைச் சாயத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். முழங்கைக்குக் கீழே ஓரிடத்தில் அடுப்புக்கரியை அழுத்தித் தேய்த்து, "பானைய எறக்கறப்ப இங்கதான் முட்டுக் குடுப்பேன்" என்றாள். ஒவ்வொரு கறைக்கும் அவளிடம் ஓர் இடம் இருந்தது. பிறகு என்னைப் பார்த்து, "நீ எழுதுனல்ல, அத எழுது" என்றாள். அவள் கட்டின்மேல் நான் பேனாவால் என் பெயரையும் பக்கத்தில் ஒரு பூவையும் போட்டிருந்தேன். அதே இடத்தில் செல்வி என்று எழுதிப் பூவைப் போட்டேன். "இத எப்ப எழுதுன?" என்றார் அப்பா. "மழயில பள்ளிக்கூடம் லீவு விட்டப்ப. அம்மா தூங்கிட்டிருந்தாங்க" என்றேன். அவர் அந்தப் பூவின்மேல் விரலை வைத்து எடுத்தார்.

சந்தானம் மாமா இரண்டு ஓடுகளையும் ஒருபுறம் துணியால் ஒட்டிக் கீல்போல ஆக்கினார். மறுபுறம் ரவிக்கைக் கொக்கிகளைத் தைத்து, அதன்மேல் ஒரு பேண்டேஜ் பட்டை மூடும்படி விட்டார். கொக்கிகள் வயிற்றுப் பக்கம் வரும். கழுத்திலிருந்து தொங்கும் துணி அதை மறைத்துவிடும். மாட்டிக்கொண்டு வாசலில் நின்ற அப்பாவைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், "எங்க விழுந்தீங்க?" என்று பதறிவிட்டார்.

ஃபேக்டரி விட்டு வந்ததும் அப்பா அதை மாட்டிக்கொள்வார். அம்மா வேலை செய்துகொண்டே சொல்லுவாள்: உட்காரும்போது முதலில் கட்டை மடியில் இறக்க வேண்டும், பிறகுதான் உடம்பு, அரித்தால் ஈர்க்குச்சியை உள்ளே விட வேண்டும், ஆனால் அரிக்கும் இடத்துக்கு அது ஒருநாளும் எட்டாது. ஒற்றைக் கையால் எனக்குச் சடை போட்டதையும் காட்டிக்கொடுத்தாள். மூன்றாகப் பிரித்த முடியில் ஒரு பிரியைக் கட்டுக்கு வெளியே நீளும் விரல்நுனிகளில் இடுக்கிக்கொண்டு, மற்ற இரண்டையும் இடது கையால் மாற்றி மாற்றிப் போட்டு, ரிப்பனின் ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுக்க வேண்டும். அப்பா என் தலையில்தான் பழகினார். உயிர் போகிற மாதிரி இழுக்கும். நான் முனகினால் அம்மா, "எங்கிட்டயும் இப்பிடித்தான் அழுத" என்பாள்.

திருவிழாவுக்குக் கொஞ்ச நாள் முன்னால், கழுத்தில் அளவுநாடாவோடு வந்த மாமாவிடம் அப்பா சொன்னார்: "அந்தப் புருசன் ஓடி வர்ற சீன எடுத்துருங்க மாமா."

"எடுத்துட்டு?"

"அவன் வரல. போன்ல பேசுறான். அவ்வளவுதான்."

"சிரிப்பே அதுலதானே இருக்கு. அவன் வரலன்னா சனம் திட்டுமப்பா."

"திட்டட்டுங்க."

உள்ளே அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தின் சத்தம் நின்றது. மாமா அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், பிறகு நாடகம் எழுதிய காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். முறத்தின் சத்தம் மறுபடி தொடங்கியது.

நாடகத்தன்று மழை இல்லை, மூட்டம்தான். பெரட்டுக்களத்தில் பலகை அடித்த மேடை, புடவைகளைச் சேர்த்துத் தைத்த படுதா. அம்மாவின் பழைய புடவையைக் கட்டிக்கொண்டு, தலையில் முக்காடிட்டு அப்பா வந்து நின்றபோது கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். விழும் காட்சி முடிந்து, கட்டோடு வந்து அவர் முதலில் அதை மடியில் இறக்கி, பிறகு உட்கார்ந்தபோது விசில் நின்றுவிட்டது. போன் காட்சியில் படுதாவுக்குப் பின்னாலிருந்து புருசனின் குரல், "மாவுக்கட்டுத்தானே புள்ள" என்றது. பெண்கள் பக்கத்திலிருந்து "த்தூ" என்று ஒரு குரல் வந்தது. அப்பா தலைகுனிந்து "சரிங்க" என்றார். பிறகு என்னை முன்னால் உட்கார வைத்துச் சடை போட்டார். எனக்கு அவர் முகம் தெரியவில்லை. பல்லிடுக்கில் ரிப்பனைக் கடித்தபடி அவர் மூச்சு விடுவது மட்டும் என் பிடரியில் தெரிந்தது. களத்தில் குழந்தைகள்கூட அழவில்லை.

கடைசிக் காட்சியில் டாக்டராக வந்தவர் சந்தானம் மாமாவேதான். ஈரக்காற்றில் துணி ஊறி ஒரு கொக்கி சிக்கிக்கொண்டது, மாமா இழுத்துப் பார்த்தார், எப்படியோ திறந்தது. இனி அப்பா இரண்டு கையையும் தூக்க வேண்டும், நான் "கும்பிடுங்கம்மா" என்று சொல்ல வேண்டும், மேளக்காரர் குச்சியோடு காத்திருந்தார். அப்பா கையைத் தூக்கவில்லை. கட்டுக்குள் இருந்த வாக்கிலேயே, மடங்கியபடி, நெஞ்சோடு வைத்திருந்தார். இடது கையால் அதைத் தாங்கிக்கொண்டு, வேறு யாருடைய கையையோ தன்னிடம் கொடுத்துவிட்டுப் போனதுபோல அதையே பார்த்தார். விரல்களை விரிக்கப் பார்த்தார்; அவை பாதிதான் விரிந்தன. ஒத்திகையில் இது இல்லவே இல்லை. எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல், "கும்பிடுங்கம்மா" என்றேன்.

"முடியல கண்ணு" என்றார் அப்பா, எனக்கு மட்டும் கேட்கிற குரலில். ஆனால் அது முன்வரிசைக்கும் கேட்டிருக்க வேண்டும். ஒருத்தி விசும்பினாள். பிறகு பெண்கள் பக்கம் முழுக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்கள். மேளம் அடிக்கவில்லை. படுதா விழும் முன் நான் அம்மாவைத் தேடினேன். கூட்டத்தின் ஓரத்தில் நேராக உட்கார்ந்திருந்தாள். அவள் அழவில்லை.

மூட்டம் இறங்கிக்கொண்டிருந்ததால் பக்கத்து வீட்டு அக்கா என்னைக் கையோடு அழைத்துப் போய்விட்டாள். அப்பாவும் அம்மாவும் பிறகு சேர்ந்தே வந்தார்கள். மறுநாளிலிருந்து எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் சோற்றுக்கும் தண்ணீருக்கும் அப்பால் ஒவ்வொன்றாகப் பேச்சு வரத் தொடங்கியது. தோட்டத்துக் கூலி போதாமல் அப்பா மறுபடி திருப்பூருக்குப் போகத்தான் செய்தார். அம்மாவுக்கு ஒருமுறை காய்ச்சல் என்று போனில் சொன்னபோது, மறுநாள் காலை முதல் பஸ்ஸில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார்.

அந்தக் கட்டு சில வருடம் பரணில் கிடந்தது. வேறு நாடகங்களுக்குக் கேட்டு வாங்கிப் போனார்கள். ஒரு மழைக்காலத்தில் பொடிந்து உதிர்ந்துவிட்டது. பிறகு நாடகமும் நின்றது. சந்தானம் மாமா பிள்ளைகளோடு போய்விட்டார். லயம் இருந்த பகுதியில் இப்போது கூரையில்லாத சுவர்கள்தான், அதையும் உண்ணிச்செடி மூடிவிட்டது. பெரட்டுக்களத்தில் பகலிலேயே யானை நிற்கிறது என்கிறார்கள். அப்பா இல்லை. அம்மா கோயம்புத்தூரில் என்னோடு இருக்கிறாள்.

போன மாதம் என் மகன் சைக்கிளிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டான். ஆஸ்பத்திரியில் நீல நிறத்தில், காற்றுப்போல லேசாக ஒன்றைச் சுற்றி அனுப்பினார்கள். மாவுக்கட்டு இல்லையா என்று கேட்டேன். "அதெல்லாம் இப்ப இங்க யாரும் கேக்கறதில்லைங்க" என்று நர்ஸ் சிரித்தார். அன்று வீட்டுக்கு வந்து பையன் தூங்கிய பிறகு, இத்தனை வருடமாகக் கேட்காததை அம்மாவிடம் கேட்டேன்: நாடகத்தன்று எல்லாரும் அழுதார்களே, உனக்கு என்ன தோன்றியது?

"கோவந்தான் வந்துச்சு" என்றாள் அம்மா, யோசிக்காமல். "நான் விழுந்தப்பவும் இதே சனந்தானே இருந்துச்சு. ஒருத்தி அழுவல. இவரு நடிச்சதுக்கு மூக்கச் சிந்துறாளுங்க."

"அப்புறம்?"

"அப்புறம் மேடைக்குப் பின்னால போனேன். கட்டு ஒரசி ஒரசி அவரு கைத்தோலு வழண்டு செவந்து கெடந்துச்சு. எரியுதாங்கன்னு கேட்டேன். எரியுதுன்னாரு. எரியட்டும்னேன். சிரிச்சுட்டாரு. எனக்கும் சிரிப்பு வந்துருச்சு. அப்புறந்தான் எண்ணெ தடவிவிட்டேன்."

அம்மா எழுந்து போய், தூங்குகிற பையனின் கைக்கு அடியில் ஒரு தலையணையை மடித்து வைத்தாள்.

"ஒசத்தி வையி" என்றாள். "இல்லாட்டி விடியறதுக்குள்ள வெரலு வீங்கிரும்."